புகையறையில் காய்ந்த டயர்

“அந்த நாலு டயரையும் கழட்டச் சொல்லுங்க மாமா. வேற போட்டுத் தாங்க.”

பெல்மதுளைச் சந்தியில் ஐயாவுவின் டயர் கடைக்குள் நின்றுகொண்டு தனுஜா இதைக் கேட்டாள். கேட்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தது இந்த ஒன்றைத்தான். பரிசம் போட்ட நாளிலிருந்து அம்மா வெள்ளையம்மா அரிசி களையும்போதும் சொன்னாள், துணி காயப் போடும்போதும் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க குடுத்தா ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்க, வாயத் தெறந்து எதையும் கேட்டுறாத, கேட்ட குடும்பம்னு பேரு வந்தா அந்தப் பேரு ஒங்கூடவே கட்டையில வேகும். இன்று காலை பஸ் ஏறும்போது பின்னாலேயே ரோடு வரைக்கும் வந்து, டயரப் பத்தி மூச்சு விடாதடி என்று கையைப் பிடித்துக் கெஞ்சியும் அனுப்பியிருந்தாள்.

ஐயாவு மாப்பிள்ளையின் அப்பா. தேய்ந்துபோன டயரின் உடம்பில் புது ரப்பரை ஒட்டி, வேகவைத்து, ரீபில்ட் டயர் என்று விற்கிற ஆள். பலாங்கொடை வரைக்கும் லொறிக்காரர்கள் பாதிப்பேர் அவர் டயரில்தான் மலை ஏறினார்கள். அவர் மருமகளாக வரப்போகிறவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாவகாசமாகக் கேட்டார்.

“ஏம்மா, கலரு புடிக்கலியா? கறுப்ப விட்டா வேற கலரு வர்றதில்லியே.”

டயருக்காகக் காத்திருந்த லொறிக்காரர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். முற்றத்தில் காரின் பக்கத்தில் குந்தியிருந்த அண்ணன் சுதாகரன் தலையைத் தூக்கி, வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் ஞாயிறு. குருவிட்டைக்கு உள்ளே, மூடிப்போன கூரை ஓட்டு பெக்டரி ஒன்றைச் சுற்றி, அந்தக் காலத்தில் லொறி போவதற்குப் போட்ட தார் ரோடு வளையமாகக் கிடந்தது. வடக்கில் சண்டை ஓய்ந்திருந்த வருஷம் அது. ஆட்களுக்கு வேடிக்கையில் மனம் போயிருந்தது. கொழும்புக் கார் கிளப் ஒன்று அந்த இடத்தை ஒரு நாளைக்கு எடுத்து, கார் வைத்திருக்கிற யாரும் வந்து ஓட்டிப் பார்க்கலாம், நேரம் பிடித்துச் சொல்வோம் என்று அறிவித்திருந்தது. எஹலியகொடையில் கராஜ் வேலை பார்க்கிற சுதாகரனுக்கு அதற்குப் பிறகு தூக்கமே இல்லை. எலும்பும் தோலுமாக வாங்கிய, மார்ச் என்கிற பழைய ஜப்பான் காரை இரண்டு வருஷமாகச் சதை வைத்துத் தேற்றியிருந்தான். ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து அப்படியொரு இடத்துக்குக் கார் கொண்டுபோகிற முதல் ஆள் அவன்தான்.

தனுஜா அந்த வளையத்தைப் போய்ப் பார்த்திருந்தாள். அண்ணன் கூட்டிப்போய்க் காட்டினான். நேரான இடத்தில் முழு வேகத்தில் வந்து, ஓட்டு பெக்டரியின் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இடது கைப்பக்கம் திரும்ப வேண்டும். அந்த வளைவுக்கு வேலி கிடையாது. ரோட்டை ஒட்டிக் கீழே, யாரோ மாணிக்கம் தோண்டி மூடாமல் விட்டுப்போன குழிகள். மழைத்தண்ணீர் பச்சையாக நிரம்பி, ஆழம் தெரியாமல் கிடந்தன. கார் அங்கே பின்பக்கம் வழுக்கினால் அப்புறம் ஸ்டியரிங்கால் ஆகிற காரியம் எதுவும் இல்லை.

அதனால்தான் அண்ணனும் தங்கச்சியும் டயர் விஷயத்தில் அவ்வளவு அலைந்தார்கள். கையில் இருந்த காசுக்கு நாலு நல்ல டயர் கனவிலும் வராது. ரோட்டில் படுகிற ரப்பர்க் கட்டை உயரமாக இருக்கிறதைப் பார்த்து மயங்காதே என்றாள் தனுஜா. அவள் பேராதனை கம்பஸில் இரசாயனம் படித்துவிட்டு ரப்பர் சாமான் செய்கிற ஒரு பெக்டரியின் லேபில் வேலை பார்த்தாள். கட்டை குறைந்திருந்தாலும் ரப்பர் மெத்தென்று இருக்கணும், ஓரத்தில் வெடிப்பு இருக்கக்கூடாது, ரோட்டைப் பிடிக்கிறது உயரம் இல்லை, அந்த மெத்து. எஹலியகொடையில் மக்கீன் நானாவின் கடையில் ஜப்பானில் பாவித்துவிட்டு வந்த டயர் இரண்டு அப்படிக் கிடைத்தன. காசும் இரண்டுக்குத்தான் கட்டும். அதை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று ஒரு வாரம் சண்டை. இழுக்கிற சக்கரம் முன்சக்கரம், நல்லது அங்கேதான் போகணும் என்று அவன். முன்பக்கம் வழுக்கினால் மிதியிலிருந்து காலை எடுத்துச் சமாளிப்பாய், பின்பக்கம் வழுக்கினால் உன்னைப் பெத்தவள்தான் சமாளிக்கணும், பின்னால் போடு என்று இவள். கடைசியில் அவன் இறங்கி வந்தான்.

அந்த நேரத்தில்தான் பரிசம். மாப்பிள்ளை ஜனார்த்தனனும் கார்ப் பைத்தியம், அதே ஞாயிற்றுக்கிழமைக்கு அவனும் பெயர் கொடுத்திருந்தான். மச்சானுக்குச் சீர் என்று ஐயாவு தன் கடை ரீபில்ட் டயர் நாலை, மஞ்சள் குங்குமம் வைத்து லயத்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். காரின் இரண்டு கதவிலும் கடைப் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றார். ஜப்பான் டயர் வாங்குகிற பேச்சு அதோடு நின்றது.

நல்ல டயர்தான் அவை. இறக்கின அன்றைக்கு.

மழைக்காலம். லயத்துக் கூரை ஒழுகியது. சம்பந்தி கொடுத்த சீர் நனையக்கூடாது, எலி கடிக்கக்கூடாது என்று அப்பா நாகலிங்கம் தவித்தார். அவர் தோட்டத்து ரப்பர் பெக்டரியில் புகையறை ஆள். பால் உறைந்து ஷீட்டாக வந்ததும் கம்பில் தொங்கவிட்டு, கீழே விறகு போட்டு, நாள்கணக்கில் சூடும் புகையும் கொடுத்துக் காயவைக்கிற வேலை. முப்பது வருஷமாக அவருக்குத் தெரிந்த ரப்பர் அதுதான். புகையில் இருந்தால் பூஞ்சணம் பிடிக்காது, கெடாது. இதுவும் ரப்பர்தானே என்று, பெக்டரி ஐயா காணாமல் நாலையும் புகையறையின் மேல்தட்டில் ஏற்றி வைத்தார். அடுப்புக்கு நேர் மேலே, மழைக்காலம் முழுக்க.

வெள்ளிக்கிழமை இரவு அவற்றை இறக்கும்போதுதான் தனுஜா பார்த்தாள். விரல் நகத்தை அழுத்தினால் தடம் விழவில்லை. புது ரப்பர் ஒட்டின ஓரத்தில் ஓரிடத்தில் நகம் உள்ளே போனது. பச்சை ரப்பருக்குப் புகை நல்லது, வெந்து முடிந்த டயருக்கு அந்தச் சூடு எமன் என்று அவள் சொன்னபோது அப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அவர் மேல் கோபம் வரவேண்டியது, வரவில்லை. யாரிடமும் சொல்லிவிடாதே, பெக்டரி புகையறையில் சொந்தச் சாமான் வைத்தது தோட்டத்தை நடத்துகிற தொரை காதுக்குப் போனால் வேலை போய்விடும் என்று மட்டும் சொன்னார். விடிவதற்குள் சுதாகரன் டயர்களை ஏற்றிக்கொண்டு பெல்மதுளைக்குப் போய்விட்டான். கடையில் இருக்கிற சக்கரங்களில் ஏற்றிக் காரில் பூட்டி, படம் எடுத்து, ஞாயிறு காலை இரண்டு காரும் சேர்ந்து புறப்படுவதாக ஏற்பாடு. அவள் லேபிலிருந்து எடுத்துவந்த ஒரு சின்ன மீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

இப்போது அதே மீட்டரை எடுத்து ஐயாவு கண் முன்னாலேயே அண்ணனின் கார் டயரில் அழுத்தினாள். ரப்பர் எவ்வளவு கெட்டி என்று காட்டுகிற கருவி. முள் ஓடிப்போய்க் கடைசிக்குப் பக்கத்தில் நின்றது. செருப்புக் குதிக்கு அடிக்கிற கட்டை இந்தக் கெட்டி இருக்கும் என்றாள். ஐயாவுவின் முகம் மாறியது. என் வேலையில ஒரு ஒட்டுக்கூட இதுவரைக்கும் பிரிஞ்சதில்ல என்று எழுந்தார். உங்க வேலையில பிழை இல்ல மாமா என்று, வேறு வழியில்லாமல், புகையறைக் கதையை அவள் சொன்னாள்.

ஐயாவு குனிந்து டயரை ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“டயருக்குப் பொக போட்டாரா? கருவாடுன்னு நெனச்சிட்டாரா சம்பந்தி?”

லொறிக்காரர்களில் சிங்கள ஆளுக்கு அதையே சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். அவன் ஐயோ பாவம் என்கிற மாதிரி அனே என்று வாயைப் பொத்திக்கொண்டான். கம்பஸ் வரைக்கும் போனாலும் தோட்டத்துப் புத்தி லயத்தை விட்டு இறங்காது போல என்றார் ஐயாவு, யாரையும் பார்க்காமல். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நயமான குரலில், உங்க தொர நமக்குப் பழக்கந்தான், எஸ்டேட் லொறி டயரெல்லாம் இங்கதான் வருது, அடுத்த தடவ பாத்தாச் சொல்லி வைக்கிறேன், ஒங்க புகையறையில ஷீட்டு மட்டும் காயல, டயரும் காயுதுன்னு, என்றார். விளையாட்டாகச் சொன்னதுபோலத்தான் இருந்தது. சுதாகரன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான்.

“சொல்லுங்க,” என்றாள் தனுஜா. “அப்பாவுக்கு வேல போனா நான் சோறு போடுறேன். அண்ணன் உசிரு போனா அத யாரு திருப்பித் தருவா?”

ஐயாவுவுக்குச் சிரிப்பு நின்றது. மனிதர் கெட்டவர் இல்லை, கடைப் பெயருக்குப் பயந்தவர். திங்கட்கிழமை வாங்க, நாலும் புதுசாகவே போட்டுத் தருகிறேன் என்றார். அவளுக்கு வேண்டியது நாளைக்கு. நாளைக்கு முடியாது, இந்தச் சைஸ் அச்சில் இன்றைக்கு எதுவும் இல்லை என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் அங்கே கூரையில் தொங்குகிற பாவித்த டயரில் இரண்டு கொடுங்கள், பின்பக்கத்துக்கு மட்டும் போதும் என்றாள். அவர் தலையாட்டவில்லை. நாளைக்கு என் கஸ்டமருங்க பத்துப் பேர் வந்து நிக்கப்போறாங்க. ஐயாவு டயர் ஹவுஸ்னு கதவுல எழுதிவச்ச கார்ல வேற எவனோ செஞ்ச டயரா? சம்பந்தி வீடே நம்ம டயரக் கழட்டிருச்சுன்னு பஜாரு முழுக்கப் பேசும். அந்தப் பேச்சு ஒனக்கு நல்லதாம்மா? நீயும் நாளைக்கு இந்த வீட்டுக்குத்தானே வரப்போற?

அவள் மீட்டரோடு திரும்பினாள். முற்றத்தின் அந்தப் பக்கத்தில் ஜனார்த்தனனின் கார் நின்றது. அதுவும் மார்ச்தான், அதுவும் அதே சைஸ் சக்கரம், கதவில் அதே கடைப்பெயர். பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் இவ்வளவு நேரமும் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். அவள் நேரே போய் அவன் பின் டயரின் முன்னால் குந்தி மீட்டரை வைத்தாள். முள் பாதி வழியிலேயே மெத்தென்று நின்றது. டயரின் பக்கத்துச் சுவரில் கறுப்புப் பொலிஷ் தடிப்பாகப் பூசியிருந்தது. கட்டை விரலால் தேய்த்தாள். பொலிஷ் வழிந்து, கீழேயிருந்து ஜப்பான் கம்பெனிப் பெயரின் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

“இது உங்க கடை டயர் இல்லியே.”

மெதுவாப் பேசுங்க தனுஜா என்றான் ஜனார்த்தனன். அவன் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவான். பரிசத்தன்று அவளுக்கு அது பிடித்திருந்தது. தன் அப்பாவுக்கு இது தெரியும், ஆனால் வெளியே சொல்ல மாட்டார் என்றான். ரீபில்ட் டயர் லொறிக்குச் சரி, பஸ்ஸுக்குச் சரி, அந்த வளைவில் அந்த வேகத்துக்குத் தாங்குமா என்று தனக்கு ஒரு பயம், அதனால்தான் மாற்றினேன் என்றான். அண்ணனுடையதைப் பூட்டும்போது பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தானாம். புகை வாசம் அடித்ததாம், ஒட்டின ஓரமும் கண்ணில் பட்டதாம். சொல்லலாம் என்றுதான் இருந்தேன், அப்பா பக்கத்தில் நின்றார் என்றான். ரெண்டு சுத்து மெதுவாப் போனா ரப்பர் சூடேறிச் சரியாயிடும் என்று சேர்த்துக்கொண்டான். அது சரியாகாது என்று அவனுக்கும் தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது.

“ரெண்டு காருக்கும் ஒரே சைஸ்தானே,” என்றாள். “ஒங்க டயர அண்ணனுக்குப் போடுங்க. இத நீங்க போட்டுக்கிட்டு ரெண்டு சுத்து மெதுவாப் போங்க.”

அவன் கையிலிருந்த ஸ்பானரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தூரத்தில் இரத்தினபுரி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு சந்தியில் திரும்பியது. அது திரும்பிப் போய்ச் சத்தம் அடங்கும் வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

“எங்க வீட்டுல நான் ஒருத்தன்தானே தனுஜா,” என்றான்.

அவன் அதைப் பொல்லாத மனத்தோடு சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுட்டது. எங்க வீட்டிலும் ஒருத்தன்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லித் தெரியவேண்டியவனுக்குச் சொல்லலாம். பரிசத்தன்று சுதாகரனைத் தோளோடு அணைத்து மச்சான் என்றவன் இவன். இவள் வீட்டில் எத்தனை ஆம்பிளைப் பிள்ளை என்று எண்ணத் தெரியாதவனா?

சுதாகரன் வந்து அவள் முழங்கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால், டயர் அடுக்குக்கு மறைவில் கூட்டிப்போனான். ஒனக்கு என்ன பைத்தியமா என்றான். போதும், இதோடு விடு என்றான். ஓட்டாமல் விட்டுவிடலாமே என்று அவள் கேட்டதற்கு, கதவுல பேரு எழுதியாச்சு, ஆளுங்களுக்குச் சொல்லியாச்சு, இப்பப் பின்வாங்கினா அவரு மூஞ்சியில கரி பூசினமாதிரி, அந்தக் கரிய ஒம் மேலதான் தொடைப்பாங்க என்றான். மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன் என்று அவள் தலையில் கைவைத்தான். கொடி விழுந்த பிறகு மெதுவாக ஓட்டுகிறவன் இல்லை அவன். தோட்டத்து ரோட்டில் தள்ளுவண்டி உருட்டின வயதிலேயே பிரேக் என்று ஒன்று இருப்பதை மறந்தவன். அது அவளைவிட நன்றாகத் தெரிந்த ஆள் உலகத்தில் கிடையாது.

“மெதுவா ஓட்டுவேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணு.”

அவன் பண்ணவில்லை. பொய்ச் சத்தியம் பண்ணத் தெரியாதவன். டயர் அடுக்கில் ஒன்றைத் தட்டிக்கொண்டே சொன்னான்.

“ரேஸு ஒரு நாளு புள்ள. ஒனக்கு இந்த வீடு ஆயுசுக்கும். ஒன்னையப் படிக்க வச்சிட்டு, மாப்பிள கெடைக்காம அம்மா அழுத அழுகைய நீ கம்பஸ்ல இருந்த, பாக்கல. நான் பாத்தேன்.”

அந்த இடத்தில் அவளுக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. அந்த நாலு டயரையும் அண்ணனின் காரில் பிடித்து வைத்திருந்தது அவளுடைய பரிசம். அது இருக்கிற வரைக்கும் எந்த ஸ்பானராலும் அவற்றை இறக்க முடியாது. அம்மா அழுதாள், அப்பா பயந்தார், அண்ணன் குழிக்குப் பக்கத்தில் ஓட்டத் தயாராக நிற்கிறான், எல்லாம் இவள் ஒருத்தி ஒரு வீட்டில் போய் உட்காருவதற்காக. அந்த வீட்டில் போய் உட்கார்ந்து, இந்த ஆளுக்கு எதிரில் சோற்றைப் பிசைந்து, எங்க வீட்டுல நான் ஒருத்தன்தானே என்ற குரலை எத்தனை வருஷம் கேட்பது? கோபம் வரும் என்று நினைத்தாள். காலையிலிருந்து கூடவே வந்த கோபம் எங்கோ போய், மனம் கணக்கு முடிந்த பலகை மாதிரிச் சும்மா இருந்தது.

திரும்பிக் கடைக்குள் போனாள். ஐயாவு லொறிக்காரனுக்குப் புகையறைக் கதையை இன்னொரு தடவை சொல்லிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நிறுத்தி, என்னம்மா, அண்ணன் புத்தி சொன்னானா என்றார்.

“முதலாளி,” என்றாள்.

மாமா என்ற வார்த்தை இல்லாமல் போனதை எல்லோருக்கும் முன்னால் அவர்தான் கவனித்தார். வாயிலிருந்த வெற்றிலையை மெல்வது நின்றது.

“இந்தக் கல்யாணம் நடக்காது முதலாளி. பரிசப் பொடவையும் நீங்க வச்ச சாமானும் நாளைக்கே வீடு வந்து சேரும். எங்கப்பாவப் பத்தி யார்கிட்டச் சொல்லணுமோ சொல்லிக்குங்க.”

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், இப்படிக் கடையில் நின்று பொம்பளப்பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று ஐயாவு ஆரம்பித்தார். குரல் ஏறவில்லை. ஜனார்த்தனன் ஓடிவந்து வாசலில் நின்றான். கையில் இன்னும் அந்த ஸ்பானர்.

“ஒரு டயருக்காகவா தனுஜா?”

“ஆமா, டயருக்காகத்தான்.”

அவள் அவனைத் தாண்டி முற்றத்துக்கு வந்தாள். சுதாகரன் காருக்கும் கடைக்கும் நடுவில் நின்றிருந்தான். அவன் முகம் வெளிறியிருந்தது. அம்மாவை நினைத்திருப்பான். காலையில் கழற்றிப்போட்ட அவனுடைய பழைய மொட்டை டயர்கள் சுவரோரம் சக்கரத்தோடு கிடந்தன. ஒன்றைக் காலால் உருட்டி அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

“இப்ப இவங்க நமக்கு யாருமில்ல அண்ணே. இவங்களுக்காக நீ ஓட்டவேண்டியதும் இல்ல. ஜாக்கியப் போடு. நாலையும் இங்கயே எறக்கிட்டு, மொட்ட டயர்ல உருட்டிக்கிட்டு வீடு வந்து சேரு. நாளைக்கி ஓட்டுறதா வேணாமான்னு ஒம் இஷ்டம். இவங்க டயர்ல மட்டும் ஓட்ட மாட்ட.”

“அம்மாகிட்ட என்ன சொல்லுவ?”

“நான்தான் சொல்லுவேன். நீ வாயத் தெறக்க வேணாம்.”

லொறிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பின்னால் ஐயாவு மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், மகன் ஏதோ மெதுவாகப் பதில் சொல்வதும் கேட்டன. அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிப்போட்டு, படியிறங்கி, ரோட்டைக் கடந்து பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள்.